இரண்டாவது கியர்

திருத்துறைப்பூண்டி தாண்டும்வரை
உத்திராபதி வாய் திறக்கவில்லை.
மடியில் மாத்திரை டப்பா, காலடியில் தண்ணீர்க் கேன்,
கையில் தானே பென்சிலால் போட்ட வரைபடம்.
அதில் ஊர்களை விட ரயில்வே கேட்டுகள் அதிகம்.

ஓட்டுவது நான்.
ஐம்பத்தேழு வயதில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவள்.
ஆம்னி, மூன்றாம் கை.
முன்னால் வைத்திருந்தவர்கள் மீன் ஏற்றியிருக்க வேண்டும்;
வெயில் ஏற ஏற வண்டி உண்மையைச் சொல்லிவிடும்.

கல்யாணமாகி முப்பத்து நான்கு வருஷம்.
அவருக்கு மானாமதுரை, விருத்தாசலம், அப்புறம் எங்கேயோ செங்கோட்டை.
எனக்கு ஆலத்தம்பாடி, பிரசவ வார்டு,
பனிக்குடம் உடைந்த ராத்திரிகள்.
சனிக்கிழமை கடைசி வண்டிக்கு வருவார்.
ஞாயிறு மத்தியானம்
குழம்பு ஆறுவதற்குள் பையைத் தூக்குவார்.
கூட்டிப் பார்த்தால் சேர்ந்து வாழ்ந்தது
ஐந்து வருஷம்கூடத் தேறாது.
இப்போது இரண்டு மாதமாக ஒரே வீடு.
இவர் பல் தேய்க்கிற சத்தமே எனக்குப் புதுசு.

கோடியக்கரைக்குப் போவோமா என்று
முதலில் கேட்டது யார்
என்பதில் வழக்கு இன்னும் நிலுவையில்.

அகஸ்தியம்பள்ளி.
பாத்தி பாத்தியாய்த் தேங்கிய வானம்.
மழைக்கு முன் வாரிய உப்பு
கீற்றுப் போர்த்திப் படுத்திருந்தது.
"இது வரைக்கும் லைன் உண்டு" என்றார்.
ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு வாக்கியம்.
பரவாயில்லை, செலவு கட்டுப்படி.

காவிரி எங்கே என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.
முள்ளியாறு என்றார்கள், வளவனாறு என்றார்கள்,
அப்புறம் வாய்க்கால், அப்புறம் வடிகால்,
அப்புறம் பேர் கேட்டால் சிரித்தார்கள்.
சேறு, அவ்வளவுதான்.
சேற்றுக்கு அந்தப் பக்கம் உப்புக் காற்று.

செக்போஸ்ட்டில் காவலர் சொன்னார்:
"ஆறு மணிக்குள்ள வெளிய வந்துடணும்."
உத்திராபதி டைரியை எடுத்து
உள்ளே 3.10 என்று எழுதினார்.

பாலை மரங்கள் எல்லாம்
கடலுக்கு முதுகு காட்டி ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.
கஜா முறித்தது முறித்தபடி கிடந்தது.
வெளிமான் ஒன்று தலை நிமிர்த்தி,
இவர்கள்தானா என்பது போல் மறுபடி குனிந்துகொண்டது.
மண் பாதை போகப் போக மெலிந்தது.
நீ சொன்ன பக்கம்தானே, நீங்கள் காட்டிய பக்கம்தானே என்று
பேசிக்கொண்டிருக்கும்போதே
பின் சக்கரம் இரண்டும் களியில் இறங்கிவிட்டன.

சிக்னல் இல்லை. ஆள் இல்லை.
பத்துப் பன்னிரண்டு காட்டுக் குதிரைகள்,
குள்ளக் குதிரைகள், வால் நிறைய முள்,
பஞ்சாயத்துக்கு வந்தவை மாதிரி சுற்றி நின்றன.

அவர் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார்.
விழுந்து கிடந்த பனை மட்டையை இழுத்துவந்து
சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார்.
முன்னால் இருபது அடி நடந்துபோய்த் திரும்பி நின்று
தோளில் கிடந்த பச்சைத் துண்டை எடுத்து
கையை நீட்டிப் பிடித்தார்.

அப்படியே. ஆடாமல்.
முட்டி வரைக்கும் சேறு,
முகத்தில் மட்டும்
நான் எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்காத ஒரு ஆள்.
அவர் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை.

"ரெண்டாவது கியர்! மெதுவா! மெதுவா வா, தையல்நாயகி!"
பேரைச் சொன்னது காற்றில் வந்தது.
வண்டி உறுமியது, நழுவியது, மட்டையைக் கடித்தது,
ஏறியது.

தூரத்தில் தண்ணீர் மேல் வெளிர்சிவப்பாய் ஒரு கோடு.
பூநாரை என்றேன். வெயில் என்றார்.
பைனாகுலரை மறந்தது யார் என்று
அரை மணி நேரம் ஆசை தீரச் சண்டை போட்டோம்.
கோடு பறந்துபோய்விட்டது.
வெயில் பறக்குமா என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

செக்போஸ்ட்டில் ஆறு இருபது.
காவலர் எங்கள் வயதைப் பார்த்துப் பாதியில் திட்டை நிறுத்தினார்.
டார்ச் வெளிச்சத்தில் டைரியை எட்டிப் பார்த்தேன்.
தாமதம்: இருபது நிமிடம்.
காரணம்: குதிரை.

குதிரை ஒன்றும் வழி மறிக்கவில்லை.
நான் திருத்தவில்லை.